குப்பைக்கூடையில் கிடந்த மெட்டு

ஜாஸ் குழுத்தலைவர் டியூக் எலிங்டன் என்றாலே ‘டேக் தி ஏ ட்ரெய்ன்’தான். ஆனால் அது அவர் போட்ட மெட்டே இல்லை, அவருடைய சக இசையமைப்பாளர் பில்லி ஸ்ட்ரேஹார்னுடையது! நியூயார்க்கின் ஹார்லெமுக்கு எந்த ரயிலேறி வரணும் என்று எலிங்டன் அவருக்குச் சொன்ன வழிதான் பாட்டின் கரு.

1941இல் ராயல்டி தகராறு. ஆஸ்கேப் என்ற இசையமைப்பாளர் சங்கத்தாரின் பாடல்கள் அமெரிக்க வானொலிகளில் நின்றுபோயின. எலிங்டன் அதில் உறுப்பினர், ஸ்ட்ரேஹார்ன் இல்லை. அதனால் ஸ்ட்ரேஹார்னின் மெட்டுகள் அவசரமாக வேண்டியிருந்தன. ‘ஏ ட்ரெய்ன்’ மெட்டையோ, இன்னொரு குழுத்தலைவரான ஃபிளெட்சர் ஹெண்டர்சன் சாயல் அடிக்கிறதென்று ஸ்ட்ரேஹார்ன் குப்பையில் போட்டுவிட்டாராம். பொறுக்கியெடுத்தவர் எலிங்டன் மகன் மெர்சர். புண்ணியவான்!

அந்த 1941 ரெக்கார்டில் எலிங்டன் குழுவின் ரே நான்ஸ் வாசித்த ட்ரம்பெட்டைக் கேளுங்கள். பின்னாளில் அந்தப் பாட்டை வாசித்த பலர் அவர் தனிவாசிப்பையே கிட்டத்தட்ட அப்படியே வாசித்தார்கள். ஜாஸில் இது அபூர்வம்.