இரண்டு அழுத்து, ஒரு கூலி

அரவிந்த ஆசிரமத்தார் 1959-இல் புதுச்சேரியில் தொடங்கிய கைக்காகிதத் தொழிற்சாலையைக் காண வருகிறவர்கள், பருத்தித் துணித் துண்டு கூழாகி, கூழ் தாளாகும் விந்தையில் லயித்து, இரண்டு குறிப்பேடுகளை வாங்கிக்கொண்டு ஊர் திரும்பிவிடுவது வழக்கம். காதிப் பணியில் தலை நரைத்த என் நண்பரோ, "தாள் பிறப்பதை எல்லோரும் பார்க்கிறார்கள், அதன்மேல் தங்கம் ஏறுவதைப் பார்க்க வேண்டாமா?" என்று சொல்லி, முத்தியால்பேட்டைச் சந்து ஒன்றில் கூரை தாழ்ந்த ஓர் அச்சகத்துக்கு என்னை அழைத்துப் போனார். துணியை வெட்டுவது, அரைப்பது, தொட்டியிலிருந்து சல்லடையால் கூழை அள்ளுவது ஆகியவற்றைப் பற்றிப் பிறர் நிறைய எழுதியிருப்பதால் அவற்றை நான் விட்டுவிடுகிறேன்.

தங்கம் என்று நண்பர் சொன்னது மரியாதைக்குத்தான். தஞ்சாவூர் ஓவியத்தில் ஒட்டுகிற தகடு மெய்யான பொன். அதற்கு உஷ்ணமும் தேவையில்லை, பசையே போதும். இங்கே 64 சென்டிமீட்டர் அகலமும் 120 மீட்டர் நீளமுமாகச் சுருண்டு வருகிற ஃபாயிலில் ஒரு குன்றிமணி பொன்னும் கிடையாது. மெல்லிய பாலியெஸ்டர் படலம், அதன்மேல் சூடுபட்டால் விட்டுக்கொடுக்கும் மெழுகுப் பூச்சு, அதற்கடுத்து மஞ்சள் நிற அரக்கு, பிறகு வெற்றிடத்தில் ஆவியாக்கிப் படியவைத்த அலுமினியம், கடைசியில் சூட்டில் இளகிப் பற்றுகிற பசை: இவ்வளவும் சேர்ந்துதான் கலியாண அழைப்பிதழில் பொன்னாக மின்னுகிறது. எழுத்து செதுக்கிய பித்தளை பிளாக் சூடேறி அழுத்திய இடத்தில் மட்டும் மெழுகு நெகிழ, அலுமினியமும் அரக்கும் தாளோடு தங்கிவிடுகின்றன. படலம் எழுத்துருவில் ஓட்டை விழுந்ததுபோல் வெளிறிக் குப்பைக்குப் போகிறது.

அந்த அச்சகத்தை நடத்துகிற அம்மாளுக்கு ஐம்பது வயதுக்கு மேலிருக்கும். சிறு பெண்ணாகப் பைண்டிங் கடையில் பசை தடவ வந்தவர். ஈய எழுத்துகளைக் கோக்கும் கம்பாசிட்டர் ஒருவரை மணந்தவர். கம்ப்யூட்டரும் ஆஃப்செட்டும் வந்த பிற்பாடு ஈய எழுத்துகள் எடைக்குப் போய்விட, கணவரிடம் எஞ்சியது ஒரு பழைய டிரெடில் மிஷின் மட்டுமே. எழுத்துக்கோப்புத் தொழில் மாண்டபின்னும் இவ்வகை யந்திரங்கள் பல ஊர்களிலும் பிழைத்திருப்பதற்குக் காரணம், ஃபாயில் ஒட்டவும் மடிப்புக் கோடு போடவும் வேண்டிய பலமான அழுத்தம் அவற்றிடம் இருப்பதுதான். கணவர் காலமாகிவிட்டார்; பிளாக்குக்குப் பின்னால் ஹீட்டர் பொருத்திய அதே மிஷினில் அம்மாள் இப்போது நிற்கிறார்.

உஷ்ணம் பெரும்பாலும் 100 முதல் 140 டிகிரிக்குள் இருக்க வேண்டும். அம்மாள் மீட்டரை அதிகம் நம்புவதில்லை. கழிவுத் தாளில் ஓர் அடி அடித்துப் பார்த்து, எழுத்து திட்டுத்திட்டாக ஏறினால் சூட்டைக் கூட்டுகிறார். 'ணை', 'ஞ' முதலியவற்றின் சுழிகள் அடைபட்டால் குறைக்கிறார். ஆனால் வித்தை சூட்டில் இல்லை, தாளில் இருக்கிறது. ஆலைத் தாளாயின் அச்சு சரியாக விழாத இடத்துக்கு அடியில் டிஷ்யூத் துணுக்கை ஒட்டிச் சமன் செய்துவிட்டால் ஆயிரம் பிரதியும் ஒரே சீராக வரும். கைக்காகிதத்திலோ ஒரு தாளின் மேடு மறு தாளின் பள்ளம். பிசிறு ஓரமாதலால் மிஷினில் அணைத்து வைக்க நேர்விளிம்பும் கிடையாது. ஆகையால் அம்மாள் வேலை தொடங்குமுன் கட்டு முழுவதையும் கட்டைவிரலால் தடவித் தடவி, தடிமன் வாரியாகத் தனித்தனி அடுக்காகப் பிரித்து வைக்கிறார். "பார்க்கிறதுக்கு ஒரே மாதிரிதான் சார் இருக்கும், தொட்டாத்தான் ஒவ்வொண்ணும் ஒரு தினுசுன்னு தெரியும்" என்றார். அந்த வேகத்தில் நானும் சில தாள்களைத் தொட்டுப் பார்த்தேன். எனக்கு எல்லாம் ஒன்றாகவே பட்டன.

இதற்கு மேலும் ஒரு சங்கடம் உண்டு. தை மாதக் கலியாணங்களுக்கான அழைப்பிதழ்கள் கார்த்திகையிலும் மார்கழியிலும்தான் அச்சாகின்றன. அதுவோ வடகிழக்குப் பருவமழை ஓயாத காலம், கடலோர ஊர். பருத்தித் தாள் ஈரத்தை இழுத்துக்கொள்ள, சூடான பிளாக் படும்போது அந்த ஈரம் ஆவியாகி ஃபாயிலைக் கொப்புளிக்கச் செய்கிறது. எனவே முதலில் ஃபாயில் இல்லாமலே வெறும் பிளாக்கால் ஓர் அழுத்து அழுத்தி, எழுத்து விழுகிற தடத்தை உலர்த்தி மட்டமாக்கி, அப்புறம் அதே தடத்தில் மயிரிழை பிசகாமல் ஃபாயிலை வைத்து மறுபடி அழுத்துகிறார்.

இரண்டு அழுத்துக்கும் சேர்த்து அவருக்குக் கிடைப்பது ஒரே அழுத்துக்கான கூலி. சென்னையிலிருந்து வேலை கொண்டுவருகிற ஏஜெண்டின் கணக்கில் மின்னுகிற அழுத்து மட்டுமே அழுத்து. மின்னாதது வேலையில் சேராது. அதுமட்டுமா? கைவேலை என்பதற்காகவே மேடுபள்ளத்தைக் கொண்டாடி அதிக விலை கொடுக்கிற வாடிக்கையாளர், எழுத்தில் ஊசிமுனை அளவு வெளுப்பைக் கண்டால் நிராகரிக்கிறார். அந்த நிராகரிப்பின் நஷ்டத்தை ஏஜெண்டு தாளின் முழு விலையாகவே அம்மாளின் கூலியில் கழித்துக்கொள்கிறார். கைக்காகிதத்தின் இயல்பான கோணல் கடையில் லாபமாகவும் அச்சகத்தில் அபராதமாகவும் மாறுகிற இந்த அநியாயத்துக்கு நாகரிகமாகப் பெயர் வைக்க எனக்கு மனமில்லை, இது திருட்டு. தஞ்சாவூரில் பிறந்த ஜே. சி. குமரப்பா, 1934-இல் காந்தியடிகள் நிறுவிய அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கத்தின் காரியதரிசியாக வார்தாவில் அமர்ந்து கைக்காகிதத்துக்கு மறுவாழ்வு தேடியது, நடுவில் நிற்பவன் கொழுப்பதற்காக அல்ல.

கைக்காகிதத்தில் அழைப்பிதழ் அடிக்க விரும்புவோருக்கு ஒரு விண்ணப்பம். நூலிழை எழுத்தைக் கேளாதீர்கள், தடித்த எழுத்தே அதில் நிற்கும். தை முகூர்த்தமாயின் மழைக்கு முன்பே, புரட்டாசியிலேயே வேலையைக் கொடுத்துவிடுங்கள். பணம் கட்டுமுன், வெறும் அழுத்துக்குத் தனிக் கூலி உண்டா என்று கடைக்காரரை வாய்விட்டுக் கேளுங்கள்.