மட்டக்குதிரையும் என் குடையும்

இரண்டு வருடங்களுக்கு முன்பு இங்கிலாந்தில் மகள் வீட்டில் நான்கு மாதம் இருந்துவிட்டு வந்தேன். யார்க்‌ஷயர் பகுதி. போய்ச் சேர்ந்த மூன்றாம் நாளே ஒரு செய்தி தெரிந்தது. ஏழு வயதுப் பேத்தி ஒரு வருடமாகச் சனிக்கிழமைதோறும் குதிரையேற்றம் கற்றுக்கொள்கிறாள். நீச்சல், பாட்டு என்று எல்லாவற்றையும் போனில் சொன்ன மகள் இதை மட்டும் சொல்லவில்லை. ஏன் என்று கேட்டேன். "சொன்னா நீங்க என்ன சொல்லுவீங்கன்னு எனக்குத் தெரியும்பா" என்றாள். அதற்கு மேல் நான் பேசவில்லை.

எனக்குத் தெரிந்த குதிரை எல்லாம் கும்பகோணம் ரயிலடியில் நின்ற ஜட்கா குதிரைதான். "சாமி, முன்னாடி தள்ளி உக்காருங்க, பின்பாரமா இருக்கு" என்று வண்டிக்காரர் சொல்லும் குரல் இன்னும் காதில் இருக்கிறது. வண்டிக்குள் வைக்கோல் மெத்தை, குதிரையின் கண்ணுக்கு இருபுறமும் தோல் மறைப்பு, காற்றில் சாண வாசனை. குதிரைக்குப் பின்னால் நிற்காதே என்று பாட்டி சொன்னதைத் தவிர குதிரையைப் பற்றி நான் படித்த பாடம் வேறில்லை.

சனிக்கிழமை நானும் கூடப் போனேன். பயிற்சி மைதானம் நாற்பது மீட்டர் நீளம், இருபது மீட்டர் அகலம். மணல் பரப்பியிருந்தார்கள். சுற்றிலும் மரவேலி. வேலியில் ஏ, கே, ஈ, ஹெச் என்று வரிசையே இல்லாமல் எழுத்துப் பலகைகள். "எழுத்து எல்லாம் ஏன் மாறி இருக்கு?" என்றேன். "அது அப்படித்தான் தாத்தா. டீச்சர் 'பி-கிட்ட திரும்பு'ன்னா அங்க திரும்பணும்" என்றாள் பேத்தி.

ஆறு குழந்தைகள், ஆறு மட்டக்குதிரைகள். குதிரையின் உயரத்தை அங்கே 'கை' கணக்கில் சொல்கிறார்கள். ஒரு கை என்பது நான்கு அங்குலம். தோள் மேட்டில் அளந்து பதினான்கு கை இரண்டு அங்குலத்துக்கு மேல் போகாமல் இருந்தால் பொதுவாக அதை மட்டக்குதிரைக் கணக்கில் சேர்ப்பார்களாம். பேத்திக்குக் கொடுத்திருந்தது பதினோரு கை உயரமுள்ள வேல்ஸ் நாட்டுக் குதிரை. சாம்பல் நிறம். டாஃபி என்று பெயர். வயது நான்குதான்.

நான்கு வயதுக் குதிரை இன்னும் குட்டி மாதிரிதான். மற்ற ஐந்தும் பத்து, பதினைந்து வருடம் குழந்தைகளைச் சுமந்து பழகியவை. சொல்வதற்கு முன்பே திரும்பும், நிற்கும். இது மட்டும் வேலியில் உட்கார்ந்த காக்கையைப் பார்க்கும், பக்கத்து வயல் ஆட்டுக்குக் காது கொடுக்கும். பயிற்சி கொடுக்கும் அம்மாளிடம் என் கவலையைச் சொன்னேன். அவர் பொறுமையாகப் பதில் சொன்னார். ஏறுகிறவருக்கும் தெரியாது, குதிரைக்கும் தெரியாது என்றால் ஆபத்துதான். அதனால் முதல் ஆறு மாதம் பழகிய ஒரு பெண் இதன் மேல் ஏறிப் பழக்கியிருக்கிறாள். ஆனால் இவ்வளவு சிறிய குதிரை மேல் பெரியவர்கள் ஏற முடியாது. மேற்கொண்டு இதற்குச் சொல்லிக்கொடுக்க எடை குறைந்த குழந்தைகள்தான் வேண்டும். உங்கள் பேத்தியின் கை மென்மையானது, லகானை வெடுக்கென்று இழுக்க மாட்டாள், அதனால்தான் தேர்ந்தெடுத்தேன் என்றார். கேட்கப் பெருமையாகத்தான் இருந்தது. பயம் மட்டும் போகவில்லை.

பிறகு டாஃபியின் உதட்டை விலக்கிப் பல்லைக் காட்டினார். குதிரைக்கும் பால்பல் உண்டு. முன்பற்களில் நடுவில் உள்ளவை இரண்டரை வயதில் விழுந்து முளைக்கும். அடுத்தவை மூன்றரையில். கடைசி ஓரப்பற்கள் நாலரை வயதில்தான். டாஃபிக்கு அந்த ஓரப்பற்கள் இன்னும் விழவில்லை. பக்கத்தில் என் பேத்தி, முன்பல் இரண்டும் இல்லாமல் சிரித்துக்கொண்டு நின்றாள்.

பாடம் ஆரம்பித்தது. இடது பக்கம்தான் ஏற வேண்டும். அந்தக் காலத்து வீரர்களின் இடுப்பில் வாள் இடது பக்கம் தொங்கியதால் வந்த வழக்கம் என்பார்கள். ஏறியதும் குதிகாலைத் தாழ்த்து, தலையை நிமிர்த்து, குதிரையின் காதுகளுக்கு நடுவே பார். வயதான குதிரை ஒன்று முதலில் போக, ஒரு குதிரை நீளம் இடைவெளி விட்டு மற்றவை வரிசையாக. டாஃபி மூன்றாவது. மூத்தவை முன்னால் போனால் இளையதற்குத் தைரியம் வருமாம். நடைக்குப் பிறகு டிராட் என்ற ஓட்டம். நம் ஜட்கா குதிரை போகுமே, அதே ஓட்டம்தான். குழந்தைகள் ஒரு தாளத்துக்கு எழுந்து, மறு தாளத்துக்கு உட்கார வேண்டும். ஆறு சின்னத் தொப்பிகள் மேலும் கீழும் போய்வந்ததைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

வேலியோரம் என்னைப் போலவே ஒரு தாத்தா நின்றிருந்தார். அவருடைய அப்பா நிலக்கரிச் சுரங்கத்தில் வண்டி இழுக்கும் மட்டக்குதிரைகளைப் பார்த்துக்கொண்டவராம். 1842-ல், பெண்களையும் பத்து வயது நிறையாத பையன்களையும் சுரங்கத்துக்குள் வேலைக்கு வைக்கக் கூடாது என்று அந்த நாட்டில் சட்டம் வந்தது. அதற்குப் பிறகுதான் குழந்தைகள் இழுத்த வண்டிகளை இழுக்க மட்டக்குதிரைகளை அதிகமாக உள்ளே இறக்கினார்கள் என்றார். குழந்தைகளின் பாரத்தை வாங்கிக்கொண்ட ஜாதி என்று அன்றிலிருந்து எனக்கு அவற்றின் மேல் ஒரு மரியாதை.

மூன்றாவது சனிக்கிழமை அது நடந்தது. பாடத்தின் நடுவில் தூறல் விழுந்தது. எனக்குச் சளி பிடிக்கும் என்று மகள் கொடுத்து அனுப்பிய பட்டன் குடை கையில் இருந்தது. அமுக்கினேன். 'டப்' என்று விரிந்தது. சரியாக அந்த நேரம் டாஃபி எனக்கு எதிரே வந்துகொண்டிருந்தது.

அது ஒரே எட்டில் பக்கவாட்டில் பாய்ந்தது. பேத்தி மறுபக்கம் மணலில் கிடந்தாள்.

எனக்குக் கை கால் ஓடவில்லை. வேலியில் ஏறப் போனேன். "அங்கேயே நில்லுங்கள்" என்று அந்த அம்மாள் கையைக் காட்டினார். ஓடவில்லை, கத்தவில்லை. மற்ற குதிரைகளை நிறுத்தச் சொல்லிவிட்டு நடந்து போய்க் குனிந்தார். எங்கே வலிக்கிறது, தலை பட்டதா, விரலை அசை என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். இடுப்பில்தான் அடி, தலை படவில்லை. பேத்தி கொஞ்சம் அழுதாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்ட முதல் கேள்வி, "டாஃபிக்கு ஒண்ணும் ஆகலையே?"

மறுபடி ஏறுகிறாயா, இன்றைக்குப் போதுமா என்று அவளையே கேட்டார். அவள் ஏறினாள். இரண்டு சுற்று, நடை மட்டும். நான் குடையை மடக்கி முதுகுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு மழையில் நின்றேன். வாசலில் இருந்த பெரிய விதிமுறைப் பலகையில், வேலியருகே குடை விரிக்கக் கூடாது என்று மூன்றாவது வரியாகவே எழுதியிருந்தது. மூன்று வாரமாக அதைத் தாண்டித்தான் போய்வந்திருக்கிறேன்.

காரில், "இனிமே இது வேண்டாம்மா" என்றேன். மகள் உடனே பதில் சொல்லவில்லை. சிக்னலில் நின்றபோது சொன்னாள்: "எட்டாம் கிளாஸ் படிக்கிறப்ப மடத்துத் தெருவில சைக்கிள்லேருந்து விழுந்தேன். தாடையில நாலு தையல். மறுநாள் என் சைக்கிளைப் பரண்ல ஏத்திட்டீங்க. அப்புறம் வித்துட்டீங்க. இன்னிக்கு வரைக்கும் எனக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாதுப்பா."

அவள் குரலில் கோபம் இருந்திருந்தால் பதில் சொல்லியிருப்பேன். இல்லை. பின் சீட்டிலிருந்து பேத்தி, "தாத்தா, பாவம் டாஃபி. அவனுக்குக் குடைன்னா என்னன்னே தெரியாது. நான் அவனுக்குச் சொல்லித் தரணும்" என்றாள்.

அடுத்த சனிக்கிழமை நான் வீட்டிலேயே இருந்துவிடுவதாக இருந்தேன். ஆனால் அந்த அம்மாளிடமிருந்து தகவல் வந்தது: தாத்தாவை வரச் சொல்லுங்கள், குடையோடு.

மற்ற குழந்தைகள் போன பிறகு டாஃபியை மைதானத்தில் நிறுத்தினார். குதிரைக்குக் கண்கள் பக்கவாட்டில் இருப்பதால் நேர் பின்னாலும் நெற்றிக்கு நேர் முன்னாலும் அதற்குத் தெரியாது, தோள் பக்கமாக வாருங்கள் என்றார். முதலில் மடக்கிய குடையை முகர்ந்து பார்க்கவிட்டார். பிறகு கால்வாசி விரிக்கச் சொன்னார். டாஃபி ஓர் அடி பின்வாங்கியது. நான் நிறுத்தினேன். அது காதை முன்னால் திருப்பும்வரை காத்திருந்தோம். பேத்தி அதன் கழுத்தைத் தடவிக்கொண்டே இருந்தாள். மறுபடி கொஞ்சம் விரித்தேன். முழுக்க விரிக்க இருபது நிமிஷம் ஆனது. கடைசியில் அது மூக்கை நீட்டிக் குடைத்துணியை நக்கிப் பார்த்தது. அதைப் பக்குவமாகப் பழக்கினோமா, என்னைப் பழக்கினார்களா தெரியாது. என் கை நடுக்கமும் அதற்குள் நின்றிருந்தது.

அன்று இரவு சாப்பிட்ட பிறகு மகளிடம், "அந்த சைக்கிளை நான் எடுத்து வெச்சது தப்பும்மா. அன்னிக்கு எனக்கு ரொம்பப் பயமா இருந்தது" என்றேன். "தெரியும்பா" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா நீங்க சொன்னது நல்லா இருக்கு" என்றாள்.

நம் வயதில் குழந்தை விழுவதைப் பார்க்க நெஞ்சு தாங்காது. அது உண்மை. ஆனால் நம் பயத்தைத் தணிப்பதற்காக அவர்கள் கற்றுக்கொள்வதை நிறுத்துகிறோம் என்பது எனக்கு எழுபது வயதுக்கு மேல்தான் விளங்கியது. ஊருக்குத் திரும்பியதும் ஒரு வேலை பாக்கி வைத்திருந்தேன். மகள் விடுமுறைக்கு வரும்போது தயாராக இருக்கட்டும் என்று ஒரு சைக்கிள் வாங்கித் திண்ணையில் நிறுத்தியிருக்கிறேன். நாற்பத்தைந்து வயதில் கற்றுக்கொள்வாளா என்று கேட்காதீர்கள். பின்னால் பிடித்துக்கொண்டு ஓட என்னால் முடியாது. பேத்தி பிடிக்கிறேன் என்று சொல்லியிருக்கிறாள்.