இட்லிப் பானையில் ஒரு லேண்ட் ரோவர்!

பாண்டிச்சேரி ட்ரிப்னு சொன்னாலே உங்க கேங்ல ஒரு மர்மப் புன்னகை ஓடுமே... அதை அப்படியே ஓரமா மடிச்சு வைங்க பாஸ்! மஞ்சள் சுவர் முன்னாடி போட்டோ, பீச் ரோடுல வாக்கிங், எல்லாம் முடிச்சாச்சுதானே? இப்ப காந்தி சிலையில இருந்து கடலை வலது கைப் பக்கம் வெச்சுக்கிட்டு வடக்கே நடையைக் கட்டுங்க. தலைமைச் செயலகம் தாண்டி, டூரிஸ்ட் கூட்டம் குறைஞ்சு, மீன் வாசனை ஆரம்பிக்கிற இடம் ஒண்ணு வரும். அதுதான் குருசுக்குப்பம்.

இந்த ஏரியாவில் நின்னுக்கிட்டு நாம பேசப்போறது ரிமோட் கார் பத்தி. அதுவும் கடையில டப்பாவோட வாங்குற கார் இல்லை. பாடியை அலுமினியத் தகட்டுல கையாலேயே அடிச்சு உருவாக்குற கார். 'குப்பத்துக்கும் காருக்கும் என்னய்யா சம்பந்தம்?'னு கேக்குறீங்களா? இருக்கு. வாங்க, நடந்துக்கிட்டே பேசுவோம்.

மணல் எங்கே போச்சு?

ரிமோட் கார் ஓட்ட பீச்சை விட சூப்பர் கிரவுண்டு உண்டா? ஆனா, இங்கே மணலைத் தேடுனீங்கன்னா ஏமாந்துடுவீங்க. பாறாங்கல் கொட்டின கரைதான் கண்ணுல படும். இது இயற்கை கொடுத்த டிசைன் இல்லை. இந்தக் கடற்கரையில வருஷத்தில் பெரும்பகுதி நாள் மணல் தெற்கே இருந்து வடக்கே நகர்ந்துக்கிட்டே இருக்கும். 1980-களின் கடைசியில அரியாங்குப்பம் ஆத்து முகத்துவாரத்துல துறைமுகத்துக்காகக் கல்லணை கட்டினாங்க. நகர்ந்து வந்த மணல் அங்கேயே நின்னுபோச்சு. வடக்கே இருந்த ஊர்களுக்குப் புது மணல் வரலை, இருந்ததையும் அலை எடுத்துக்கிட்டுப் போச்சு. மிச்சத்தைக் காப்பாத்தக் கல்லைக் கொட்டினாங்க. படகை இழுத்துப் போட, வலையைக் காயப்போட, பசங்க பந்து விளையாட இருந்த இடமெல்லாம் அதோட காலி. 2018 வாக்குல தலைமைச் செயலகம் பக்கம் கடலுக்குள்ள செயற்கைத் திட்டு ஒண்ணு அமைச்சு கொஞ்சம் மணலைத் திரும்பக் கொண்டுவந்திருக்காங்க.

ஒரு இடத்துல கட்டின கல்லு, இன்னொரு இடத்துல ஒருத்தரோட வாசலைக் கரைக்கும். சிவில் படிக்கிற மக்களே, செமஸ்டர் பேப்பர்ல வராத இந்தப் பாடத்தை இங்கே நின்னு பார்த்துட்டுப் போங்க. மெக்கானிக்கல் ஆளுங்களுக்கும் இங்கே ஒரு பாடம் இருக்கு. அதுக்குக் கடைசியில வர்றேன்.

ஏன் அலுமினியம்?

இப்ப கடையில கிடைக்கிற ரிமோட் கார்ல பெரும்பாலும் பாலிகார்பனேட் பாடிதான். லெக்சான்னு சொல்வாங்க. சூடாக்கி, அச்சு மேல வெச்சு, காத்தை உறிஞ்சினா நிமிஷத்துல கார் ரெடி. லேசு, மலிவு, வளைஞ்சு கொடுக்கும். ரேஸ் விடுறவங்க அதைத்தான் வாங்குவாங்க. அதில் தப்பே இல்லை.

கணக்கைப் பார்ப்போமா? ஒரு பாடிக்கு 1,500 சதுர சென்டிமீட்டர் தகடு வேணும், கனம் 0.8 மில்லிமீட்டர்னு வைங்க. மொத்தம் 120 கன சென்டிமீட்டர். பாலிகார்பனேட் அடர்த்தி 1.2, அதனால 144 கிராம். அலுமினியம் 2.7, அதனால 324 கிராம். 180 கிராம் கூடுதல். அதுவும் வண்டியோட மேல்பாகத்துல! வேகமா திருப்பினா குட்டிக்கரணம் நிச்சயம்.

அப்புறம் ஏன் இந்த வேலை? நிஜ கார் செஞ்சவங்க எப்படிச் செஞ்சாங்களோ அப்படியே நாமும் செஞ்சு பார்க்கத்தான். மெதுவா கல்லு, மேடு ஏறுற வண்டிக்கு அந்த 180 கிராம் பெரிய பாரமும் இல்லை. நசுங்கினா தூக்கிப் போடவேணாம், தட்டி எடுத்துடலாம்.

நம்ம சீனியர் ஒருத்தர்!

அலுமினியத்தைத் தாதுவில் இருந்து மலிவாப் பிரிக்கிற வழியை 1886-ல கண்டுபிடிச்சவங்க ரெண்டு பேர். அமெரிக்காவில் சார்லஸ் ஹால், ஃப்ரான்ஸில் பால் எரூல். ஒருத்தரை ஒருத்தர் தெரியாது. ரெண்டு பேருமே 1863-ல பிறந்தவங்க. அதாவது, கிட்டத்தட்ட உங்க வயசு!

அதுக்கு 12 வருஷம் கழிச்சு, 1898-ல சென்னையில ஒரு எஞ்சினீயரிங் புரொஃபசர் இந்த உலோகத்தைக் கையில் எடுத்தார். பேரு ஆல்ஃபிரட் சாட்டர்டன். பொறியியல் கல்லூரியில பாடம் நடத்தினவர், ஸ்கூல் ஆஃப் ஆர்ட்ஸ் பொறுப்பும் அவர்கிட்ட இருந்தது (இன்னிக்கு அரசு கவின் கலைக் கல்லூரி). பித்தளை, செம்புப் பாத்திரம் அடிச்சுக்கிட்டிருந்த கைவினைஞர்கள் கையில அலுமினியத் தகட்டைக் கொடுத்து அடிக்கச் சொன்னார். கொட்டாப்புளி அதேதான், பழக்கமான கையும் அதேதான். உலோகம் மட்டும் புதுசு. வியாபாரம் சூடுபிடிச்சு, 1903-ல அந்தப் பிரிவையே இந்தியன் அலுமினியம் கம்பெனி எடுத்துக்கிச்சு. நம்ம வீட்டு தூக்குச்சட்டி, அன்னக்கூடைக்கெல்லாம் பின்னாடி இப்படி ஒரு ஃப்ளாஷ்பேக் இருக்கு.

ஃப்ரெஞ்ச் கனெக்‌ஷன்

ஃப்ரெஞ்ச் ஊர்ல நின்னுக்கிட்டு ஃப்ரெஞ்ச் கார் பத்திப் பேசலைன்னா எப்படி? புகாட்டி டைப் 57 அட்லாண்டிக்னு தேடிப் பாருங்க. 1936-ல இருந்து 1938 வரைக்கும் செஞ்சது மொத்தமே நாலு. மூக்குல இருந்து வால் வரைக்கும் முதுகெலும்பு மாதிரி ஒரு விளிம்பு ஓடும், அதில் வரிசையா ரிவிட். அழகுக்காக ஆரம்பிச்சதில்லை அது. 1935-ல செஞ்ச முதல் மாதிரி மக்னீசியக் கலவைத் தகட்டுல திட்டமிட்டது. அதை வெல்டிங் பண்ணப் போனா தீப்பிடிக்கும். அதனால ரெண்டு பாதியையும் சேர்த்து வெச்சு ரிவிட் அடிச்சாங்க. பிறகு அலுமினியத்துக்கு மாறியும் அந்த விளிம்பை விடலை. பிரச்னையே அழகாகிடுச்சு!

பாண்டிச்சேரி நிர்வாகம் ஃப்ரெஞ்ச் கையில இருந்து இந்தியாவுக்கு மாறின 1954-லதான் ஃப்ரான்ஸில் 'பனார் டைனா இசட்'னு குடும்பங்கள் ஓட்டுற காரையே அலுமினிய பாடியோட விற்க ஆரம்பிச்சாங்க. செலவு கட்டுப்படியாகாம சில வருஷத்துல ஸ்டீலுக்கு மாறிட்டாங்க.

நமக்கு இந்த ரெண்டுமே ஓவர். முதல் காருக்குச் சரியான ஆளு பிரிட்டிஷ்காரர். 1948 லேண்ட் ரோவர். போர் முடிஞ்ச நேரம், ஸ்டீலுக்கு ரேஷன். அதனால அலுமினியக் கலவைத் தகட்டுல, முடிஞ்ச வரைக்கும் தட்டையா பாடி போட்டாங்க. வளைவு குறைச்சல்னா நமக்கு வேலையும் குறைச்சல்!

அதோட வீல்பேஸ் 80 இன்ச், அதாவது 2,032 மில்லிமீட்டர். எட்டால் வகுத்தா 254. பல ரிமோட் கார் சேஸிஸ்ல வீல்பேஸ் 257. மூணு மில்லிமீட்டர்தான் இடிக்குது. அகலம் 1,549. எட்டால் வகுத்தா கிட்டத்தட்ட 194. சேஸிஸ் அகலம் 190 சொச்சம். ஜாதகம் பொருந்திடுச்சா... மேளத்தைக் கொட்டிடலாம்!

அடிக்கிற விதத்துல அடிச்சா...

முதல்ல சார்ட் பேப்பர்ல வெட்டி, ஒட்டி, சேஸிஸ் மேல உட்கார வெச்சுப் பாருங்க. பேப்பர்ல சரியா வராதது தகட்டுல வரவே வராது. அப்புறம் 21 கேஜ் தகடு, தகரம் வெட்டுற கத்தரி, மரக் கொட்டாப்புளி, மணல் நிரப்பின தடிமனான துணிப் பை. இவ்வளவுதான் பட்டறை. ஞாயிற்றுக்கிழமைன்னா காந்தி வீதி சண்டே மார்க்கெட்டை ஒரு ரவுண்டு வாங்க. காயலான் கடையையும் விடாதீங்க. அடிவாங்கின இட்லிப் பானை கிடைச்சா பொக்கிஷம். அந்த மூடியோட வளைவு, மட்கார்டு வளைவுக்குப் பாதி வேலையை முடிச்சிருக்கும்.

அலுமினியத்தை அடிக்க அடிக்க அது விறைச்சுக்கும். பிடிவாதமா மேல மேல அடிச்சா விரிசல் விடும். அதனால நடுநடுவே சூடு காட்டி இளக்கணும். இங்கேதான் சிக்கல். இரும்பு மாதிரி இது செவந்து சிக்னல் கொடுக்காது. சுத்தமான அலுமினியம் 660 டிகிரியில உருகும், அதுவரைக்கும் வெள்ளையாவே நிக்கும். திடீர்னு பொத்துன்னு விழும். அதுக்குப் பழைய தொழிலாளிகள் கையாண்ட டெக்னிக், சாதாரண சோப்பு! தகட்டுல சோப்பைத் தேய்ச்சு, பின்பக்கமா சீரா சூடு காட்டணும். சோப்பு கறுத்ததும் அடுப்பை எடுத்துடணும். ஆறினதும் தகடு சொன்ன பேச்சு கேட்கும். கையுறை, திறந்தவெளி, பக்கத்துல விவரம் தெரிஞ்ச ஒருத்தர், மூணும் கட்டாயம்.

அந்த விவரம் தெரிஞ்சவரை எங்கே தேடுறது? உங்க ஊர் டிங்கரிங் பட்டறையில. நசுங்கின கதவை உள்பக்கம் ஒரு இரும்புக் கட்டையை அண்டக் கொடுத்து, வெளிப்பக்கம் தட்டி, கண்ணால பார்க்காம விரலால தடவியே மேடு பள்ளம் சொல்வார் பாருங்க... அவர்தான் உங்க புரொஃபசர். 'அண்ணே, ஒரு அரை மணி நேரம் நின்னு பார்க்கட்டுமா?'னு கேளுங்க, போதும்.

மூலைகளைச் சேர்க்க வெல்டிங் வேணாம். சின்ன ரிவிட்டே போதும். காலேஜ்ல கூட இருக்கறவங்களுக்கு நாள் பூரா ரிவிட் அடிக்கிற ஆளுங்கதானே நாம?

சிக்னல் கட்!

உலோகப் பெட்டிக்குள்ள ரிசீவரை வெச்சு மூடினா, ரிமோட் சொல்றது அதன் காதுல சரியா விழாது. இப்ப வர்ற ரிமோட்டுகள் 2.4 கிகாஹெர்ட்ஸ். அலைநீளம் 12.5 சென்டிமீட்டர், அதில் கால்பங்கு மூணு சென்டிமீட்டர் சொச்சம். ஆன்டெனா ஒயரோட அந்தக் கடைசி மூணு சென்டிமீட்டரை மட்டும் பிளாஸ்டிக் குழாய்ல நுழைச்சு பாடிக்கு வெளியே நீட்டி விடுங்க. பிரச்னை ஓவர். லேண்ட் ரோவருக்கு ஆன்டெனா இருந்தா அழகுதானே!

கடல் எடுக்கிற வைவா

கடைசியில சொல்றேன்னு சொன்ன பாடம் இதுதான். கடற்கரைக் காத்துல உப்பு. அலுமினியத்துல இரும்பு ஸ்க்ரூ போட்டு இந்தக் காத்துல விட்டா, ஸ்க்ரூவைச் சுத்தி வெள்ளைப் பொடியா அரிக்க ஆரம்பிக்கும். ரெண்டு உலோகமும் நடுவுல உப்பு ஈரமும் சேர்ந்து ஒரு குட்டி பேட்டரி ஆகிடும். அதில் கரையுற பக்கம் அலுமினியம். படகோட அவுட்போர்டு மோட்டாரைக் கவனிச்சுப் பாருங்க. அதுல ஒரு துத்தநாகக் கட்டை பொருத்தியிருப்பாங்க. மோட்டாருக்குப் பதிலா அது கரையும், தேய்ஞ்சதும் புதுசு மாத்துவாங்க. நாம புக்ல 'கால்வானிக் கரோஷன்'னு அஞ்சு மார்க்குக்கு மனப்பாடம் பண்றதை இங்கே தினம் தினம் கடல் வைவா எடுக்குது. உங்க காருக்கு அலுமினிய ரிவிட், நைலான் வாஷர், ஓட்டி முடிச்சதும் நல்ல தண்ணியில ஒரு துடைப்பு. இது போதும்.

நிஜமாவே செய்யணுமா?

குருசுக்குப்பத்தில் இருந்து நடக்கிற தூரத்துலதான் அரவிந்தர் ஆசிரமத்தோட கோல்கொண்ட் விடுதி இருக்கு. அன்டோனின் ரேமண்ட் வடிவமைச்சு, 1930-களின் கடைசியில கட்ட ஆரம்பிச்ச கட்டடம். அங்கே இருந்து வேலையைப் பார்த்துக்கிட்டவங்கள்ல ஜார்ஜ் நகாஷிமா ஒருத்தர், பின்னாளில் மர வேலையில உலகப் புகழ் பெற்றவர். அதோட பித்தளைப் பொருத்துகளுக்காக பக்தர்கள் கொடுத்த பித்தளைப் பாத்திரங்களை உருக்கி, இங்கேயே வார்த்தாங்க. அது தங்கும் விடுதி, அதனால வெளியே இருந்து பார்த்துட்டு வாங்க. தேவையான பொருள் கடையில கிடைக்கலைன்னா கையில இருக்கிறதை உருக்கிச் செய்யலாம்னு நினைச்ச ஊர் இது.

நம்ம கதை என்ன? ஃபைனல் இயர் வந்ததும் காசு கொடுத்து ப்ராஜெக்ட்டை ரெடிமேடா வாங்குறோம். பைண்டிங் மட்டும் நம்ம செலவு. கம்ப்யூட்டர்ல காரை 360 டிகிரி சுத்திக் காட்டத் தெரியுது, ஒரு தகட்டை நேரா மடக்கச் சொன்னா கை நடுங்குது. 2007-ல இருந்து நடக்கிற 'பாஹா' போட்டிகள்ல முழு வண்டியையே கட்டி ஓட்டுற காலேஜ் டீம்கள் இருக்காங்க, அவங்களுக்கு சல்யூட். ஆனா, ஒரு டீம்ல எத்தனை பேருக்கு இடம் கிடைக்கும்? மிச்சப் பேர் என்ன செய்றது?

டிங்கரிங் பட்டறைகள்ல இப்ப கதவு நசுங்கினா கதவையே மாத்துற காலம் வந்தாச்சு. விரலால மேடு பள்ளம் சொல்ற அந்த அண்ணனுக்கு அடுத்து அந்த வேலைக்கு ஆள் வருவாங்களான்னு யோசிச்சுப் பாருங்க. அவர்கிட்ட இருக்கிறது எந்த சிலபஸ்லயும் எழுதி வைக்கலை. கேட்டு வாங்கிக்கிற நேரம் இதுதான்.

ஒரு தகடு, ஒரு கொட்டாப்புளி, ஒரு சோப்பு, நாலு ஞாயிற்றுக்கிழமை. மொத வண்டி கோணலாத்தான் வரும், அதுக்கென்ன? அடுத்த ட்ரிப்புக்கு குருசுக்குப்பம் வரும்போது அதையும் கூட்டிட்டு வாங்க. மணல் இல்லைன்னா என்ன, லேண்ட் ரோவர் கல்லு மேலயும் ஏறும்!