மெதுவான ஓட்டம்

சித்திரைப் புத்தாண்டையொட்டி எங்கள் ஊரில் நடைபெறும் விளையாட்டு விழாவிலே ஆண்களுக்குத் துவிச்சக்கரவண்டி ஓட்டம் உண்டு. பெண்களுக்கும் உண்டு, ஆனால், அது மெதுவான ஓட்டம். காலை நிலத்தில் ஊன்றாமல் எல்லாருக்கும் கடைசியாக எல்லையை அடைபவளே வென்றவள். சில ஆண்டுகளுக்கு முன் அப்போட்டிக்கு நடுவராக நின்றேன். பரிசு பெற்றவள் என்னிடம் படித்த மாணவி. அருகே வந்து கேட்டாள்:

“சேர், நாங்கள் ஒவ்வொரு நாளும் பள்ளிக்கூடத்துக்குப் பத்துக் கிலோமீற்றர் ஓடுறம். இஞ்ச மட்டும் ஏன் எங்களை மெள்ள ஓடச் சொல்லுறியள்?”

சிரித்துச் சமாளித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்து இன்றும் வெட்கப்படுகிறேன்.

குடாநாட்டுப் பெண்ணுக்கு ஓடத் தெரியாதென்று எவர் சொல்லக்கூடும்? 1990க்குப் பின் பொருளாதாரத் தடையால் எரிபொருள் அருகியபோது இந்தச் சமதரையின் வாழ்வையே சுமந்தது சைக்கிள். 1995 ஒக்ரோபரில் வலிகாமத்து மக்கள் இடம்பெயர்ந்தபோது, முதியோரையும் மூட்டை முடிச்சுகளையும் ஏற்றி நாவற்குழிப் பாலத்தால் உருட்டப்பட்டதும் அதுவே. 2022இல் எரிபொருள் வரிசைகள் நீண்டபோது மீண்டும் அதனிடமே திரும்பினோம். இன்றும் வெங்காயத் தோட்டங்களுக்கு விடியலிற் கூலிக்குச் செல்லும் பெண்கள் அதையே மிதிக்கின்றனர். உழைப்புக்காக ஓடலாம், சுமைக்காக ஓடலாம். வெல்வதற்காக மட்டும் ஓடலாகாது என்பதுதான் நமது சமுதாயத்தின் சட்டம்!

இதை எண்ணும்போதெல்லாம் இங்கிலாந்தின் யோர்க்ஷயர் பிரதேசத்துத் தோட்டத் தொழிலாளி ஒருத்தி என் நினைவுக்கு வருவாள். 1937இல் பிறந்த பெரில் பேர்ட்டன், சிறு வயதில் வாதக் காய்ச்சலால் நெடுங்காலம் மருத்துவமனையிற் கிடந்தவர். பின்னர் ருபாப் என்னும் தண்டுப்பயிர்த் தோட்டத்திற் கூலி வேலை செய்துகொண்டே ஓட்டப் பாதையில் ஐந்து முறையும், வீதியில் 1960, 1967 ஆகிய ஆண்டுகளில் இரு முறையும் உலகப் பட்டம் வென்றார். பிரித்தானியாவின் தலைசிறந்த பெண் சைக்கிளோட்டி என்ற பட்டம் 1959 முதல் 1983 வரை, தொடர்ந்து 25 ஆண்டுகள், அவரிடமே இருந்தது.

1967இல் நடந்த பன்னிரண்டு மணிநேரப் போட்டியில் ஆண்கள் முதலிற் புறப்பட்டனர், பெண்கள் பின்னர். ஒருவர் பின் ஒருவராக ஆண்களைத் தாண்டிய பேர்ட்டன், முன்னணியில் நின்ற மைக் மக்னமாராவையும் எட்டிப் பிடித்தார். கடந்து செல்லுமுன் அவருக்கு ஓர் அதிமதுர மிட்டாயை நீட்டினார். அன்று அவர் ஓடியது 277.25 மைல், யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குள்ள தூரத்தினும் அதிகம். அந்நாளில் மக்னமாரா நிலைநாட்டிய ஆண்களின் சாதனையையும் அது விஞ்சியது. அத்தூரத்தை ஓர் ஆண் மிஞ்ச 1969 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

ஆயினும், ஒலிம்பிக் கதவு அவருக்குத் திறக்கவில்லை. ஆண்களின் சைக்கிளோட்டம் 1896 முதலே அங்கு உண்டு. பெண்களுக்கு இடம் கிடைத்தது 1984இல். அப்போது பேர்ட்டனுக்கு வயது 47. பலவீனமான பாலென்று சொல்லி வாசலை அடைத்தவர்கள், அவர் காலின் பலத்தை அளந்து பார்த்தவர்களல்லர்.

அவருடைய வெற்றியில் மற்றோர் உண்மையும் உண்டு. தாமும் சைக்கிளோட்டியான கணவர் சார்லி, அவர் வண்டியைச் செப்பனிட்டார். போட்டிகளுக்கு அழைத்துச் சென்றார். வீராங்கனையை உருவாக்குவது கால்கள் மட்டுமன்று. அவளுக்காக ஒழிக்கப்படும் நேரமும், பகிர்ந்துகொள்ளப்படும் வீட்டுச் சுமையுங்கூட. நம் வீடுகளில் அந்த நேரத்தை விழுங்குவது அடுப்படி. அதைப் பகிராமல் பெண் விடுதலையைப் பற்றி மேடையில் முழங்கிய ஆசிரியர்களுள் நானும் ஒருவன்.

இவ்வாண்டு விழாக் கூட்டத்தில், பெண்களுக்கும் வீதியோட்டம் வேண்டுமென்றேன். “விழுந்து கால் முறிஞ்சால் ஆர் பொறுப்பு?” என்றார் ஒருவர். ஆண்கள் ஓடும்போது அந்தக் கேள்வியை எவரும் கேட்டதில்லை என்று பதிலளித்தேன். முடிவு இன்னும் எட்டப்படவில்லை.

அன்று என்னைக் கேட்ட மாணவி இப்போது ஒரு குழந்தையின் தாய். இனி அவளுக்கு ஓட்டமேது என்கிறார்கள். 1959இல் முதல் உலகப் பட்டத்தை வென்றபோது பேர்ட்டனும் ஒரு குழந்தையின் தாய்தான். அந்தக் குழந்தையைச் சிறிது நேரம் ஏந்த இங்கே எத்தனை கைகள் நீளும்?