மேல இருந்த அஞ்சு வரி

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு நாங்க மூணு பேர் சேர்ந்து செஞ்சது ஹாஸ்டல் மெஸ்ஸுக்கான டோக்கன் சாஃப்ட்வேர். ஐடி கார்டுல இருக்கிற கியூஆர் கோடைக் காட்டினா குட்டி பிரிண்டர்ல டோக்கன் வந்து விழும். மெஸ் கான்ட்ராக்டருக்கு அது பிடிச்சுப்போய், தான் நடத்துற மத்த மெஸ்லயும் போடணும், காசு தர்றேன்னு சொன்னார். அன்னிக்கு ராத்திரி பரோட்டா பார்ட்டி. அந்தக் கடன் இன்னும் பாக்கி.

மறுநாள் அவரோட கணக்கு சாஃப்ட்வேரைப் பார்த்துக்கிற அண்ணன் வந்தார். கோடைத் திறந்து பார்த்துட்டு, "இதுல உங்களோடது எது, அடுத்தவங்களோடது எது? லைசன்ஸ் என்ன?"ன்னு கேட்டார். மூணு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தோம். கிட்ஹப்ல இருந்தா எல்லாம் ஃப்ரீதானே?

இல்லையாம்.

டேட்டாபேஸ் பகுதி ஒன்றை ஒருத்தரோட பக்கத்திலிருந்து எடுத்திருந்தோம். அதில் லைசன்ஸ் ஃபைலே இல்லை. இல்லைன்னா கட்டுப்பாடும் இல்லைன்னு நினைச்சிருந்தோம், விஷயம் நேர்மாறு. எதுவும் சொல்லாவிட்டால் எல்லா உரிமையும் எழுதினவருக்கே. கிட்ஹப்புக்குள் பார்க்கலாம், ஃபோர்க் பண்ணலாம், அதோட சரி. மெயில் போட்டோம், பதில் வரலை. அந்த ஃபைலை அதுவரை திறந்தே பார்க்காத ரூம்மேட் ரெண்டு ராத்திரி உட்கார்ந்து புதுசா எழுதினான். அவன் சோம்பேறித்தனம் டீமுக்கு உதவினது அந்த ஒரு தடவைதான்.

பிரிண்டர் லைப்ரரி ஜிபிஎல். இங்கதான் சண்டையே வந்தது. "போச்சு, இனிமே விக்க முடியாது"ன்னான் ஒருத்தன். உட்கார்ந்து படிச்சா, ஜிபிஎல் விற்பனையைத் தடுக்கவே இல்லை. சாஃப்ட்வேரை யாருக்குக் கொடுக்கிறோமோ அவங்களுக்கு சோர்ஸ் கோடும் கிடைக்கணும், அதோட மாற்றவும் பகிரவும் அதே உரிமை அவங்களுக்கும் போகணும். லைப்ரரியோட சேர்ந்து ஒரே ப்ரோக்ராமா ஓடுற எங்க கோடுக்கும் இது பொருந்தும். கான்ட்ராக்டர் தன் மெஸ்ஸுக்குள்ளேயே ஓட்டிக்கிட்டா அவர் யாருக்கும் எதுவும் தர வேண்டியதில்லை. "அவர் நினைச்சா நாலு பேருக்குக் கொடுக்கலாமா?" கொடுக்கலாம். "அப்போ நாம?" நாம ஒண்ணும் சொல்ல முடியாது. ரெண்டு நாள் அவன் என்கூடப் பேசலை.

இது காகிதத்தில் மட்டும் இருக்கிற விதி இல்லை. லிங்க்சிஸ் டபிள்யூஆர்டி54ஜி ரவுட்டருக்குள்ள லினக்ஸ் ஓடுறதைக் கண்டுபிடிச்சு ஆட்கள் கேட்டதால, 2003-ல் அந்தக் கம்பெனி சோர்ஸை வெளியிட வேண்டியதாச்சு. அதிலிருந்து வளர்ந்ததுதான் ஓப்பன்டபிள்யூஆர்டி. இதைக் காட்டினப்புறம்தான் அவன் கொஞ்சம் இறங்கி வந்தான்.

மிச்சமிருந்தது கியூஆர் கோடைப் படிக்கிற பகுதி. எம்ஐடி லைசன்ஸ். மாற்றலாம், விற்கலாம், சோர்ஸைக் காட்டாமலும் வைச்சுக்கலாம். கேட்கிறது ஒண்ணே ஒண்ணு: எழுதினவரோட காப்பிரைட் வரியும் லைசன்ஸ் வாசகமும் கூடவே இருக்கணும். இருக்கிறதிலேயே சுலபமான நிபந்தனை. ஆனா எங்க ஃபைல்ல அது இல்லை. காப்பிரைட் வரி, லைசன்ஸ் பத்தின குறிப்புன்னு மேலே இருந்த அஞ்சு வரியையும், தனியா இருந்த லைசன்ஸ் ஃபைலையும் செகண்ட் ரிவியூவுக்கு முன்னாடி அழிச்சிட்டு, எங்க மூணு பேர் ரோல் நம்பரைப் போட்டது நான்தான். ரிவியூல பாராட்டும் வாங்கினேன், அந்தப் பகுதிக்கே.

ரிப்போர்ட் அதுக்குள்ள பைண்டிங் ஆகி வந்திருந்தது. முதல் பக்கங்கள்ல "இது எங்கள் சொந்தப் படைப்பு"ன்னு கையெழுத்து வேற. கைடுகிட்ட போய்ச் சொன்னேன். திட்டுவார்னு பார்த்தா, கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுட்டு, "எது எங்கிருந்து எடுத்ததுன்னு ஒரு பக்கம் சேர்த்து, நாலு காப்பியும் திரும்ப பைண்ட் பண்ணிக் கொண்டா"ன்னார். செலவு என்னுடையது.

அழிச்ச வரிகளை கிட் ஹிஸ்டரியிலிருந்துதான் திரும்ப எடுத்தேன். அதை எப்போ அழிச்சது, யார் அழிச்சதுன்னு எல்லாம் அப்படியே இருந்தது. பக்கத்தில் நானே எழுதின கமிட் மெசேஜ்: "க்ளீன் அப்".