தறிச் சத்தமும் அதை அறிபவனும்

சோமனூர்ப் பக்கம் எங்கள் தறிக்குடோனில் எட்டு விசைத்தறிகள் ஓடுகின்றன. காடாத் துணி, மீட்டர் கணக்கில் கூலி. இருபது வருஷமாக இந்தச் சத்தத்துக்குள் நின்றபடியேதான் அத்வைதத்தைப் பழகி வருகிறேன்.

தறி லீவு விட்டால் காந்திபுரம் போய் ஆனைகட்டி பஸ் பிடிப்பேன். மாங்கரை தாண்டி மலையேறினால், சுவாமி தயானந்த சரஸ்வதி 1990இல் தொடங்கிய ஆர்ஷ வித்யா குருகுலம். அங்கே பாடம் கேட்க வந்திருந்த பெரியவர் ஒருவரிடம் ஒருமுறை மனசு விட்டுக் கேட்டேன்.

"ஏனுங்க, இத்தனை சத்தத்துல கண்ணை மூடி உக்காரவே முடியறதில்லீங்க. நானெல்லாம் ஆத்மாவை எப்படீங்க தெரிஞ்சுக்கறது?"

"தறி ஓடறப்ப என்ன தெரியுதுங்க?"

"சத்தம் தெரியுதுங்க."

"கரண்ட் போனா?"

"சத்தம் நின்னது தெரியுதுங்க."

"ரெண்டும் தெரிஞ்சது ஒருத்தருக்குத்தானுங்களே? அவரை வேற எங்க போயித் தேடறது?"

அன்றிலிருந்து தறியடிதான் என் பாடசாலை. குறுக்கே ஓடும் ஊடை நூல் அறுந்தால் தறி தானே நின்றுவிடும். நெடுக ஓடும் பாவிழை ஒன்று அறுந்தால் நிற்காது. கண்தான் பிடிக்க வேண்டும். முடிச்சுப் போட்டு, விழுதுக்கண்ணில் கோத்து, அச்சில் இழுத்துவிடுவதற்குள் இழை தெரிகிறது, கண்ணின் சோர்வு தெரிகிறது, மனசின் சலிப்பும் தெரிகிறது. தெரிகிற எதுவும் நான் அல்ல. இத்தனையும் எந்த அறிவில் தெரிகிறதோ அந்த அறிவே நான். இப்படிக் காண்பவனையும் காணப்படுவதையும் பிரித்தறிவதைத்தான் த்ருக்-த்ருச்ய விவேகம் என்கிறார்கள்.

சாந்தோக்கிய உபநிஷத்தில் உத்தாலகர் தம் மகன் சுவேதகேதுவுக்கு மண்ணையும் மண்பாண்டத்தையும் காட்டி, பாண்டம் என்பது வெறும் பேர், மண்ணே உண்மை என்று விளக்குகிறார். எனக்கு அது துணியிலேயே புரிந்தது. மடித்த காடாவைத் தராசில் வைத்தால் நூலின் எடையும் கஞ்சியின் எடையும்தான் காட்டும். துணிக்கென்று தனி எடை கிடையாது. இழை இழையாக உருவிவிட்டால் துணி என்ற பேர் மட்டும்தான் மிச்சம். உலகமும் உடம்பும் அப்படித்தான், சைதன்யம் என்கிற அந்த அறிவில் நெய்த பேரும் உருவமும்.

இந்தப் பழக்கத்தில் நான் சறுக்கியதும் உண்டு. எங்களுக்கு நெசவுக் கூலி தரும் வியாபாரி ஒருவர் மூன்று மாதக் கூலியை நிறுத்தி வைத்தார். 'நான் வெறும் சாட்சிதானே' என்று சொல்லிக்கொண்டு பேசாமல் இருந்தேன். அது ஞானமில்லை, பயம். தறிக்காரர் வீட்டில் அடுப்பு எரியாதபோது சாட்சி என்று பேசுவது பெரிய பாவம். அந்தப் பயமும் எனக்குத் தெரிகிற ஒன்றுதான் என்று கண்ட பிறகே நேரில் போய்க் கணக்குக் கேட்டேன். குரல் உயரவில்லை, கேட்க வேண்டியதை விடவும் இல்லை.

வேலையை விட்டுவிட்டு, சத்தமில்லாத இடம் தேடிப் போனால்தான் ஆத்மா கிடைக்கும் என்று யாரும் காத்திருக்க வேண்டாம். இப்போது உங்கள் காதில் விழுகிற சத்தத்தை அறிவது யார் என்று கேளுங்கள். அறுந்த இழையை மட்டும் முடிச்சுப் போடாமல் விட்டுவிடாதீர்கள்.