பாலமும் தோட்டத்துக் கணக்கில் சேரும்

ஏரல் பக்கம் ஆற்றங்கரை ஊர் ஒன்றில் அந்த விவசாயிக்கு இரண்டு ஏக்கர் ஏத்தன் வாழை. தை மாதம் ஒரே வாரத்தில் 2,000 கன்றுகளையும் நட்டுவிட்டார். மார்கழி பிறக்கும்போது தார்கள் முற்றி, வெட்டுக்குத் தயாராக நின்றன.

அந்த மார்கழி முதல் நாள்தான் 2023 டிசம்பர் 17. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை. தாமிரபரணி கரை மீறியது. ஸ்ரீவைகுண்டத்துக்கு அப்பால் தண்டவாளத்தின் அடியில் ஜல்லி அரித்துப்போக, திருச்செந்தூரில் இருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் சுமார் 800 பயணிகளோடு அங்கேயே நின்றது. ஏரலில் ஆற்றுப்பாலத்தை ஒட்டிய சாலையை வெள்ளம் கொண்டுபோனது.

அவருடைய தோட்டம் மேட்டுப்பாங்கானது. தண்ணீர் சீக்கிரம் வடிந்தது, வாழை சாயவில்லை. தப்பித்தோம் என்றுதான் நினைத்தார். செல்போன் வேலை செய்யத் தொடங்கியதும் வியாபாரி பேசினார்: "அண்ணாச்சி, லாரி வர ரோடே இல்ல. தார வெட்டிராதிய."

வெட்டினால் சில நாளில் பழுத்துவிடும். வெட்டாவிட்டால் மேல் சீப்பில் இருந்து மஞ்சள் தட்டி, காய் வெடிக்கும். பைக்கில் இரண்டிரண்டு தாராகக் கட்டி, அக்கம்பக்கத்து ஊர்களில் கேட்ட விலைக்குக் கொடுத்தார். பாதித் தார் மரத்திலேயே பழுத்தது. நிவாரணத்துக்கு 33 சதவீதத்துக்கு மேல் பயிர்ச்சேதம் இருக்க வேண்டும். வாழை நிமிர்ந்து நின்றதால் அவருடையது 'சேதமில்லாத தோட்டம்' ஆனது.

நெல்லைச் சீமைக்குப் பாலத்தின் அருமை புதிதல்ல. ஒரு காலத்தில் திருநெல்வேலிக்கும் பாளையங்கோட்டைக்கும் நடுவே ஆற்றைக் கடக்கப் படகுதான். கலெக்டர் அலுவலகத்தில் வேலை பார்த்த சுலோசன முதலியார் சொந்தப் பணத்தைக் கொடுக்க, 1843-ல் அங்கே பாலம் எழுந்தது. இன்றும் அவர் பெயரில்தான் நிற்கிறது.

இந்த விவசாயி இப்போது இரண்டு காரியம் செய்கிறார். கன்றுகளை மூன்று பங்காக்கி, மாசிக் கடைசியில் தொடங்கி மாதம் ஒரு பங்காக நடுகிறார். ஏத்தனுக்குப் பதினொரு மாதம் என்று வைத்தால், முதல் வெட்டே தைக் கடைசியில்தான். வடகிழக்குப் பருவமழை அதற்குள் ஓய்ந்திருக்கும். ஏதாவது நேர்ந்தாலும் மொத்தத் தாரும் ஒரே வாரத்தில் மாட்டிக்கொள்ளாது.

அடுத்தது, ஆடி மாதமே ஊர்க்காரர்கள் நாலு பேரோடு போய்ப் பாலத்தின் இரு கரையையும் பார்க்கிறார். மண் அரித்த இடம், பெயர்ந்த கல், அடைத்துக்கொண்ட குழாய் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து, விவசாயிகள் குறைதீர்க்கும் நாளில் மனுவோடு கொடுக்கிறார். "உரத்துக்கு அலையுதோம், தண்ணிக்கு அலையுதோம். ரோட்டுக்கும் ஒருநாள் அலைஞ்சா என்ன?" என்கிறார்.